கிளாரி வீட்டில் குளிராதவர்

மின்சார பில் வந்த அன்று கிளாரி டன்பிரிட்ஜ் அதை மூன்று முறை படித்தார். மூன்று முறையும் தொகை குறையவில்லை. எழுந்து போய் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினார்.

"இனிமே சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடி இதை யாரும் தொடக்கூடாது" என்றார்.

வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அவரும் அவர் மனைவி க்ளெனிஸும். 'யாரும்' என்றது தன்னைத்தான் என்று க்ளெனிஸுக்குத் தெரியாதா? பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் லான்செஸ்டனில் ஜூன்தான் குளிர்காலத் தொடக்கம்; மாதம் பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வந்தால் பகல் பதினொன்று வரை எதிர்வீடு தெரியாது.

கிளாரி முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டார். ஜன்னல்களுக்கெல்லாம் குமிழ் பிளாஸ்டிக் ஒட்டினார். புகைபோக்கிக்குள் தலையணையைத் திணித்தார். படுக்கையறை, கூடம், சமையலறை தவிர மற்ற அறைகளைப் பூட்டினார். கதவடியில் காற்று புகாமல் இருக்கப் பழைய பேன்ட் ஒன்றின் கால்களை வெட்டி மணல் நிரப்பினார்.

"ஐயோ, அது நம்ம கல்யாணத்துக்குப் போட்ட பேன்ட்!" என்று க்ளெனிஸ் கத்தினாள்.

"அதுக்குள்ள இனிமே நான் நுழையப் போறதில்ல. மணலாவது நுழையட்டும்."

இவ்வளவு செய்தும் கூடத்தில் பதினொரு டிகிரிதான். சுவரில் மாட்டியிருந்த தெர்மாமீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று கிளாரி அதைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டார். க்ளெனிஸ் இரண்டு ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்தாள். "நான் சமைக்கப் போறேனா, மலையேறப் போறேனா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என்னிடம் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரனான எனக்குச் சிரிப்பதா இரக்கப்படுவதா என்று தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து க்ளெனிஸுக்குத் திடீரென்று படிப்பில் ஆர்வம் வந்தது. காலை ஒன்பதரைக்கு நூலகம் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். என்ன படிக்கிறாய் என்று கிளாரி கேட்டால் "திமிங்கலம்" என்பாள். உண்மையில் அங்கே ஹீட்டர் காற்று வரும் இடத்தருகே உட்கார்ந்து பின்னல் போட்டாள். கிளாரியும் கேள்வியை நீட்டவில்லை. தினமும் மீன்பிடிக் கழகத்தில் வேலை இருக்கிறது என்று அவரும் கிளம்பிவிடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நூலகத்தில் குழாய் உடைந்து தண்ணீர் பெருகிவிட்டது. எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். வீட்டுக்குப் போக மனமில்லாத க்ளெனிஸ் அப்படியே நடந்து, வெந்நீர் நீச்சல்குளம் இருக்கும் கட்டிடத்துக்குள் நுழைந்தாள். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் முகத்தில் வெதுவெதுப்பாக ஆவி அடித்தது. பார்வையாளர் பெஞ்சில் ஒரு பெரியவர் கை வைத்த பனியனோடு, ஷூவைக் கழற்றிவிட்டு, இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மீன் நிறைய சிக்குதா?" என்று கேட்டாள் க்ளெனிஸ்.

கிளாரி அவசரமாக ஷூவுக்குள் காலை நுழைத்தார். "நான்... நீச்சல் பாக்கறேன்."

"யாரோட நீச்சல்?"

"எல்லாரோடதும்தான்." குளத்தில் எழுபது வயதுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் பாட்டுக்குக் கை கால் ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வீடு கதகதன்னு இருக்குன்னு தினம் சொல்றியே, அப்புறம் இங்க என்ன வேலை?"

"நீ மட்டும்? திமிங்கலத்தைத் தேடி இங்க வந்தியா?"

க்ளெனிஸ் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரால் அவ்வளவு சீக்கிரம் சிரிக்க முடியவில்லை. "அந்த பில்லைப் பாத்ததும் பயந்துட்டேன், க்ளென்" என்றார். "வருஷா வருஷம் ஏறுது. வர்ற பென்ஷன் அதேதான்."

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? பேன்ட் தப்பிச்சிருக்கும்" என்று சொல்லி மிச்சப் பலகாரத்தை அவர் கையிலிருந்து வாங்கித் தின்றாள்.

மறுநாள் காலை இருவரும் என் வீட்டுக்கு ஏணி கேட்டு வந்தார்கள். அவ்வளவு அடைத்தும் சூடு எங்கேதான் போகிறது என்று பார்க்க வேண்டுமாம். கிளாரிக்கு முழங்கால் வலி. எனக்கு உயரம் என்றால் தலை சுற்றும். அதனால் க்ளெனிஸ்தான் டார்ச்சோடு ஏறி, கூடத்து உட்கூரையிலிருந்த சதுரப் பலகையைத் தள்ளி, கூரைக்கடியில் இருக்கும் இடைவெளிக்குள் தலையை நுழைத்தாள். கீழே நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஏணியைப் பிடித்துக்கொண்டோம்.

"வீடு வாங்கும்போது, சூடு வெளிய போகாம இருக்க மேல செம்மறி ரோமப் பாய் விரிச்சிருக்குன்னு சொன்னாங்களே?" என்று அவள் குரல் வந்தது.

"ஆமா, நல்ல தடிமன்" என்றார் கிளாரி.

"வெறும் பலகைதான் இருக்கு."

"முழுசும் எங்க போச்சு?"

அவள் டார்ச்சை மூலைப் பக்கம் திருப்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கிளாரி, நம்ம வீட்டுல ஒருத்தருக்கு மட்டும் குளிரல."

மூலையில் ரோமம் முழுவதும் ஒரு வைக்கோல் போர் மாதிரி குவிந்திருந்தது. அதன் நடுவிலிருந்து போசம் என்ற கொழுத்த மரமேறி விலங்கு ஒன்று, பூனையளவு உடம்பும் புசுபுசு வாலுமாக, தூக்கம் கலைந்த எரிச்சலோடு அவளையே பார்த்தது. கூரை ஓரத்தில் இற்றுப்போன பலகை வழியாக வந்து போகிறது. எத்தனை வருடமோ!

சட்டப்படி அதைப் பிடித்துக்கொண்டு போய் வேறெங்கும் விடக்கூடாது. அது குடியிருக்க கிளாரி மரப்பெட்டி செய்து யூகலிப்டஸ் மரத்தில் கட்டினார். அது இரை தேடி வெளியே போகும் நேரத்தில் ஓட்டையைத் தகரத்தால் அடைத்துவிட வேண்டும். மூன்று நாள் அந்தி வேளையில் சுத்தியலோடு தோட்டத்தில் நின்றார். மூக்கு சிவந்து தண்ணீர் ஒழுகியதுதான் மிச்சம். போசம் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

"நானா இருந்தாலும் வெளிய வர மாட்டேன். இந்தக் குளிர்ல யார் வருவா?" என்றாள் க்ளெனிஸ்.

நாலாம் நாள் ஆப்பிள் துண்டுக்கு ஆசைப்பட்டு இறங்கியது. கிளாரி நாற்பது ஆணி அடித்தார். நாலு போதும். சனிக்கிழமை புதுப் பாய் வாங்கி வந்து க்ளெனிஸ் வயிற்றால் ஊர்ந்து உட்கூரை முழுக்க விரித்தாள். பழைய சாமான் கடையில் தடித்த திரைச்சீலைகளும் கிடைத்தன. அதற்குப் பிறகு ஹீட்டரைக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் போட்டாலே வீடு சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டது. செப்டம்பரில் வந்த பில்லை கிளாரி ஒரு முறைதான் படித்தார்.

அதற்கு முன், ஆகஸ்டில் ஒரு நாள் கடும் உறைபனி. கிளாரி தெருவில் நின்று போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தித் தன் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தார். அதன் மேல் பனி வெள்ளைவெளேரென்று உருகாமல் கிடந்தது.

"சூடு மேல போகலைன்னா பனி உருகாது, டெஸ். உன் கூரையைப் பாரு" என்று என்னையும் பிடித்துக்கொண்டார்.

பார்த்தேன். என் கூரையில் பனியே இல்லை. நன்றாக உருகி, சொட்டுச் சொட்டாக வழிந்துகொண்டிருந்தது.

"வானத்துக்கு ஹீட்டர் போட்டுக்கிட்டிருக்க நீ" என்றார் கிளாரி, பெருந்தன்மையாக.

க்ளெனிஸ் அதற்குள் வீட்டுக்குள் போய் டார்ச்சை எடுத்து வந்துவிட்டாள்.