துபாஷ் வாய் திறக்கவில்லை

அண்ணன் வீட்டு ஹாலில் அப்பாவின் ஆம்ப்ளிஃபயர் மேல் பூச்சாடி இருந்தது. பூச்சாடியில் தண்ணீர் இருந்தது. அண்ணன் கூப்பிட்டதும் எதற்காக வந்தோம் என்று வழியெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டு வந்தவளுக்கு அதைப் பார்த்த மாத்திரத்தில் பதில் கிடைத்துவிட்டது. பழி வாங்கத்தான் வந்திருக்கிறாள். எப்படி என்றுதான் இன்னும் தெரியவில்லை.

கறுவிக்கொண்டிருந்தது இன்று நேற்றல்ல. அப்பா போனதிலிருந்தே. அப்பாவிடம் இருந்த பாட்டு செட்டில் இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு சிடி பிளேயர், அப்புறம் ஒரு கறுப்புப் பெட்டி. சிடியில் இருக்கும் எண்களை வாங்கிச் சத்தமாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி அது. விவரம் தெரிந்தவர்கள் டாக் என்பார்கள். அப்பா அதற்கு வைத்த பெயர் துபாஷ். அந்தக் காலத்தில் கப்பலில் வந்து இறங்கிய வியாபாரிகளுக்குப் பேச்சை மாற்றிச் சொல்ல ஒருவர் கூடவே நடப்பாராம், அவர் துபாஷ். "மெஷின் பேசறது நம்ம காதுக்குப் புரியாது, நம்ம காது மெஷினுக்குப் புரியாது. நடுவுல இவரு இல்லன்னா ஒண்ணும் நடக்காது" என்று அதன் தலையில் தட்டிக் கொடுப்பார். ஒவ்வொரு பெட்டியும் வாங்கப் போகும்போது கூடப் போனவள் அவள். அண்ணனுக்கு அந்தப் பக்கமே நாட்டம் கிடையாது.

"செட்டு குட்டிக்குத்தான்" என்று அப்பா எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னார். குட்டி என்பது அவள். அண்ணன் நன்றாகத் தலையாட்டினான். அப்பா போன கையோடு, வாசலில் நின்று அவள் உறவுக்காரர்களை அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில், பின்பக்கமாக எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "உன் தீப்பெட்டி வீட்டுல இதை எங்க வைப்ப?" என்றான். அப்பா சொன்னாரே என்றதற்கு முகத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, "அப்படியா சொன்னாரு? எனக்கு ஞாபகமில்லையே" என்றான்.

செட்டை எடுத்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அந்த 'ஞாபகமில்லையே'வைத்தான் அவளால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

அப்படிப்பட்டவன் போன வாரம் ஃபோன் பண்ணினான். "குட்டி, ஞாயித்துக்கிழமை எங்க எம்.டி. சாப்பிட வர்றாரு. மனுஷனுக்குப் பாட்டுன்னா உசிரு. நம்ம வீட்டுல பழைய செட்டு இருக்கு, அதுல ஃபோன்லேருந்தே பாட்டு போடலாம்னு சொல்லி வெச்சிட்டேன். அதுக்கு ஒரு பெட்டியும் வாங்கிட்டேன். மாட்டினா சத்தம் வர மாட்டேங்குது. வந்து பாரேன்." நம்ம வீடாம். நம்ம செட்டாம்.

அவள் பூச்சாடியைத் தூக்கித் தரையில் வைத்தாள். ஆம்ப்ளிஃபயர் தலையில் வெள்ளையாக ஒரு வட்டம். துணியால் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

"அது கிடக்கட்டும். முதல்ல இதைப் பாரு" என்றான் அண்ணன்.

புதுப் பெட்டி உள்ளங்கை அகலம்தான். இணையத்தில் ஓடும் பாட்டை வீட்டு வைஃபை வழியாக வாங்கி ஒரு ஒயரில் எண்ணாகவே வெளியே தள்ளும். அந்த ஒயரைத் துபாஷின் பின்பக்கம் இருக்கும் வட்டத் துளையில் சொருகினால் வேலை முடிந்தது. அண்ணன் அதைக் கொண்டுபோய் சிடி பிளேயரின் பின்னால் சொருகியிருந்தான். அதுவும் வட்டத் துளைதான், ஆனால் சத்தம் வெளியே வருகிற துளை.

"ரெண்டு வாயையும் சேத்துக் கட்டியிருக்கண்ணா. காது இந்தப் பக்கம் இருக்கு."

அடுப்படி வாசலில் நின்ற அண்ணி களுக்கென்று சிரித்தாள். அண்ணன் திரும்பி ஒரு முறை முறைத்தான்.

ஒயரைப் பிடுங்கித் துபாஷில் சொருகினாள். அண்ணன் ஃபோனில் ஒரு பாட்டைத் தட்டினாள். துபாஷின் நெற்றியில் பச்சை விளக்கு ஒரு தரம் சிமிட்டிவிட்டு நின்று எரிந்தது. எண் புரிகிறது என்று அர்த்தம். பிறகு ஸ்பீக்கரிலிருந்து ஒரு வயலின் கிளம்பி ஹாலை நிறைத்தது. அப்பா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தாளம் போடுவது அப்படியே அவள் கண்முன் வந்து நின்றது.

"வந்துடுச்சா? நல்லது" என்றான் அண்ணன், சட்டைக் கையை மடித்துக்கொண்டே. பிறகு ஃபோனை எட்டிப் பார்த்தான். "இது என்ன, சிடி தரம்னு வெச்சிருக்க? அதுக்கு மேல ரெண்டு படி இருக்கே. நான் எடுத்திருக்கிறது உச்ச பிளான்."

"அதைத் தொடாதண்ணா. துபாஷ் பழைய ஆளு. சிடி பாஷை ஒண்ணுதான் அதுக்குத் தெரியும். அதுக்கு மேல போனா புரியாம வாய மூடிக்கும்."

"உனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றான்.

அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது.

இவன் பிறந்ததிலிருந்து அவள் சொன்ன ஒரு சொல்லையாவது காதில் போட்டுக்கொண்டிருக்கிறானா? சின்ன வயதில் ஒருநாள், "பெயின்ட் காயலண்ணா, உக்காராத" என்றாள். புதுக் கால்சட்டையோடு போய் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்தான், எழுந்தபோது பின்பக்கம் பச்சைக் கோடு கோடாக இருந்தது. அவள் சொல்லியிருக்காவிட்டால் ஒருவேளை நின்றிருப்பான். இவனைக் கவிழ்க்கப் பொய் எதற்கு? உண்மையைச் சொன்னால் போதுமே.

புதுப் பெட்டிக்கு உள்ளேயே ஒரு பூட்டு உண்டு. எவ்வளவு உயர்ந்த தரத்தில் பாட்டு வந்தாலும் சிடி அளவுக்குச் சுருக்கித் துபாஷிடம் கொடு என்று அதில் ஒருமுறை சொல்லிவிட்டால், ஃபோனில் யார் எதைத் தட்டினாலும் ஆபத்தில்லை. அவள் ஃபோனில் அந்த இடத்தைத் திறந்தாள். கட்டை விரல் அதன் மேல் நின்றது. கண் பூச்சாடிப் பக்கம் போனது. பூட்டைப் போடாமலே மூடினாள்.

ஆனாலும் நியாயத்துக்கு இன்னொரு தரம் சொன்னாள், அண்ணி காதில் விழும்படியாக, சத்தமாக. "சிடி தரத்துக்கு மேல போகாத. போனா பாடாது."

"கேட்டீங்கல்ல?" என்றாள் அண்ணி.

"கேட்டேன், கேட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "குட்டி, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காத. அவரு வர்ற நேரமாச்சு. எல்லாம் நான்தான் மாட்டினேன்னு அவர்கிட்ட சொல்லியிருக்கேன். நீ கிளம்பிட்டா நல்லாருக்கும்."

அவளுக்கு முகம் சுட்டது. நல்லவேளை அண்ணி குறுக்கே வந்தாள். "சாப்பாட்டு வேளையில யாராவது பசியோட அனுப்புவாங்களா? குட்டி, நீ உள்ள வா. எனக்குக் கை குடு."

ஆகவே எம்.டி. வந்தபோது அவள் அடுப்படியில் தட்டு துடைத்துக்கொண்டிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. எம்.டி. ஒல்லியாக, நரைத்த தாடியோடு, அதிகம் பேசாதவராக இருந்தார். பேசுகிற வேலையை அண்ணனே எடுத்துக்கொண்டான்.

"இதெல்லாம் நானும் அப்பாவுமா தேடித் தேடி வாங்கினது சார். கடை கடையா அலைவோம். ஒயரிங் முழுக்க நானே பண்ணினது."

அவள் கையில் இருந்த தட்டை அண்ணி மெல்ல வாங்கி வைத்தாள். உடைந்துவிடும் என்று பயந்திருக்க வேண்டும்.

முதல் பாட்டு நன்றாகவே பாடியது. இரண்டாவதும் பாடியது. எம்.டி. கண்ணை மூடிக் கேட்டார். "பிரமாதம்" என்றார். அவளுக்குச் சந்தேகம் வந்தது. இந்த மடையன் ஒருவேளை முதல் தடவையாகத் தன் பேச்சைக் கேட்டுத் தொலைத்துவிட்டானோ?

"இப்ப என்ன தரத்துல ஓடுது?" என்று எம்.டி. சாதாரணமாகக் கேட்டார்.

"இது சும்மா சிடி தரம் சார். டெஸ்டுக்குப் போட்டேன். இருங்க, உச்சத்துக்குக் கொண்டு போறேன். அப்பத்தான் இதோட அருமை தெரியும்."

அவள் கதவிடுக்கில் வந்து நின்றுகொண்டாள். அண்ணன் விரல் மேலே போனது. அடுத்த பாட்டைத் தட்டினான். துபாஷின் பச்சை விளக்கு அணைந்தது.

ஹால் நிசப்தமானது. ஃபோனில் பாட்டு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஸ்பீக்கரில் ஒரு முனகல்கூட இல்லை. அண்ணன் சிரித்தபடி ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகினான். இல்லை. இன்னும் திருகினான். இல்லை. கடைசிவரை திருகிவிட்டு, பாட்டில்தான் ஏதோ கோளாறு என்று அடுத்ததைத் தட்டினான். அடுத்தது பழைய பாட்டு. அதற்கு உச்சமே சிடி தரம்தான். பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது, மேளமும் ட்ரம்பெட்டுமாக ஹாலே இடிந்து விழுகிறாற்போல் ஒரு முழக்கம் கிளம்பியது. எம்.டி. கையிலிருந்த பழச்சாறு அவர் மடியிலேயே கொட்டியது.

அண்ணன் பாய்ந்து குமிழைத் திருப்பினான், அதற்கு அடுத்த பாட்டு மறுபடி ஊமை. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கோ உள்ளங்காலிலிருந்து உச்சிவரை குளிர்ந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும், அப்படித்தான் இருந்தது.

அடுப்படிக்குள் விறுவிறுவென்று வந்தான். "என்னடி பண்ணி வெச்ச?" என்று பல்லைக் கடித்தான்.

"நீ எதையாவது தொட்டியாண்ணா?"

தொட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே சரி பண்ணிக் கொடுத்திருப்பாள். நிஜமாகவே. அவளுக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் எம்.டி. கைக்குட்டையால் மடியைத் துடைத்தபடி அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"நான் எதுக்குத் தொடறேன்? ஒண்ணுமே தொடல!"

அண்ணி அவனையே பார்த்தாள்.

"இவங்க யாரு?" என்றார் எம்.டி.

"என் தங்கச்சி சார். சும்மா... வந்திருக்கா."

அவள் ஹாலுக்குப் போய்த் துபாஷ் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். அணைந்த விளக்கைப் பார்த்தாள். "வயசாயிடுச்சுண்ணா. புதுசா சொல்றதெல்லாம் துபாஷுக்குப் புரியல." அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை.

"துபாஷா? அட, நல்ல பேரா இருக்கே" என்றார் எம்.டி.

"எங்கப்பா வெச்சது சார்."

எம்.டி. அண்ணன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லவே இல்லையே?"

அண்ணன் அசடு வழிந்தான். அசடு வழிவது தனக்கே தெரிந்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "குப்பை சார் இதெல்லாம். அப்பா ஞாபகமாச்சேன்னு இடத்தை அடைச்சிக்கிட்டு வெச்சிருந்தேன். நாளைக்கே புது செட்டு வாங்கிடறேன். குட்டி, இதைத் தூக்கிட்டுப் போய்த் தொலை!"

"துபாஷை மட்டுமா?"

"எல்லாத்தையும்!"

"ஸ்பீக்கரையுமா?"

"எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான்! தமிழ்ல தானே சொல்றேன்?"

அவள் நிதானமாக எழுந்து நின்றாள். "அண்ணி, கேட்டீங்கல்ல?"

"கேட்டேன். நல்லாவே கேட்டேன்" என்றாள் அண்ணி.

"சார், நீங்களும்தான். அப்புறம் ஞாபகமில்லைன்னு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்க."

எம்.டி. தாடிக்குள் சிரித்தார். சாப்பாடு ஆனதும் ஒரு ஸ்பீக்கரை அவரே கட்டிப்பிடித்துத் தூக்கி வந்து அவள் காரின் பின் இருக்கையில் வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார். "ரெண்டு படி இறக்கியிருந்தா பாடியிருக்கும், இல்ல?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு, "பாடியிருக்கும் சார்" என்றாள்.

"அவர்கிட்ட சொல்லலையா?"

"ரெண்டு தரம் சொன்னேன்."

"எங்க வீட்டுலயும் இதே மாதிரி பழைய பெட்டிதான். விளக்கு அணைஞ்சதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒயரிங் முழுக்க நானேன்னாரே, அவரே கண்டுபிடிக்கட்டும்னு விட்டுட்டேன்." சொல்லிவிட்டு ஈரக் கால்சட்டையோடு உள்ளே போனார்.

தீப்பெட்டி வீட்டில் இடம் இருந்தது. சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளியதும் தாராளமாகவே இருந்தது. சிடி ஒன்றைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. ஆம்ப்ளிஃபயர் தலையில் அந்த வெள்ளை வட்டம் மட்டும் அப்படியே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன்மேல் கோபம் திரும்ப வரும், வரட்டும் என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

பாட்டு பாதியில் இருக்கும்போதே ஃபோன் வந்தது. அண்ணன்தான்.

"குட்டி, அந்தப் புதுப் பெட்டி இங்க சும்மா கிடக்குது. அதுலேருந்து வர்ற ஒயரை டிவியில மாட்டலாமா? எந்த ஓட்டையில மாட்டறது?"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. செட்டு குட்டிக்குத்தான்னு அப்பா சொன்னது ஞாபகமிருக்கா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. காது பரிசோதிப்பது அவள் வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்று தினமும் யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பவள். கேட்டும் கை தூக்காதவர்களின் மௌனம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்? இதை எதுல மாட்டறதுன்னு சொல்லு" என்றான் கடைசியில்.

அவள் முகத்தைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டாள், அவன் பார்க்க முடியாது என்று தெரிந்தும்.

"எனக்கு ஞாபகமில்லையேண்ணா."