சிவப்பு மையில் ஒரு திருத்தம்

டாக்டர் க்ரானிட்ஸ் நீளமான கத்தியை எடுத்துத் துடைக்கத் தொடங்கியதும், ஹெர்மினே இறந்துகிடந்த அப்பாவின் நெஞ்சின்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"கையை எடும்மா. உயிரோட புதைச்சிடுவாங்களோன்னு பயந்து அவரே எழுதிக் குடுத்தது. செத்ததும் நெஞ்சுல ஒரு குத்து. வியன்னாவுல எத்தனையோ பேர் கேக்குறாங்க."

"அது பதினோரு வருஷத்துக்கு முந்தி, டாக்டர்."

"அண்ணனோட கடைசி ஆசைடி," என்றாள் வால்புர்கா அத்தை. "நாளைக்குப் பெட்டிக்குள்ள முழிச்சுக்கிட்டா நீயா பதில் சொல்லுவே?"

சாவுக்கு அஞ்சுவது அறிவீனம் என்று முப்பது வருடம் பள்ளியில் தத்துவப் பாடம் நடத்தியவர் அப்பா. வீட்டிலோ, கதவைச் சாத்தினால் அவருக்கு மூச்சு முட்டும். அந்த மனிதர்தான் இரண்டு வருடம் செவ்வாய்தோறும் ஓர் இளம் டாக்டரிடம் போய்ச் சோபாவில் படுத்துப் பேசிவிட்டு வந்தார். பேசிப் பேசி வியாதி போகுமா என்று அத்தை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். ஆறு வயதில் துணிப்பெட்டிக்குள் ஒளிந்தபோது வேலைக்காரி மூடிமேல் உட்கார்ந்துகொண்டதை ஒருநாள் அங்கே சொல்லி அழுதாராம். அன்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார்.

அத்தை அதை நம்பவில்லை. இப்போது ஹெர்மினேவுக்கும் பயமாக இருந்தது. அந்தப் பயம் தீராமலே அப்பா செத்திருந்தால்?

"அசல் உயிலைப் பாக்காம குத்த விடமாட்டேன்," என்று மேஜை டிராயரை இழுத்தாள்.

உயிலில், நெஞ்சில் குத்தச் சொன்ன வரியின் குறுக்கே சிவப்பு மையில் ஒரே கோடு. ஓரத்தில் மாணவர் நோட்டைத் திருத்தும் அதே கையெழுத்து: 'தவறு. இனித் தேவையில்லை. கத்தியோடு வருபவருக்குக் காபி கொடுத்து அனுப்பவும்.' கீழே போன ஏப்ரல் மாதத் தேதியும் கையொப்பமும்.

அத்தை இரண்டு தரம் படித்தாள். "அண்ணன் எழுத்துதான்," என்றாள் மெல்ல.

சாவு வீடு என்பதையும் மறந்து ஹெர்மினே சிரித்துவிட்டாள். அப்பா ஜெயித்துவிட்டார். அழுகையும் கூடவே வந்தது. துடைத்துக்கொண்டு போய்க் காபி போட்டாள்.

டாக்டர் நின்றபடியே குடித்தார். பையை மூடினார், மறுபடி திறந்தார்.

"அந்தப் பேச்சு டாக்டரோட விலாசம் இருக்குமா? என் சம்சாரத்துக்கு..." என்றவர் கோப்பையைப் பார்த்தார். "எனக்குத்தான்."

துக்கச் செய்திக்கென்று வாங்கிய கறுப்புக் கரையிட்ட காகிதத்தில் அவள் எழுதிக் கொடுத்தாள். அவர் அதை மை காயும்வரை ஊதி, கத்திக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.