நாற்பது நிமிட அறை

"என் ரூம் எனக்கு வேணும்."

இதை நான் கேட்கவே கூடாது என்று அம்மா ஐந்து வருடங்களுக்கு முன்பே சொல்லியிருந்தாள். மாணவர்கள் முன்னால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று தனியாகவும் சொல்லியிருந்தாள். நான் கேட்டது சாப்பாட்டு மேஜையில், ஆறு மாணவர்களுக்கு முன்னால், ஆங்கிலத்தில்.

ஆங்கிலத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் மாணவர்கள் காதுபட எங்கள் மொழியான மால்டீஸ் பேசக் கூடாது. ஆங்கிலம் கற்கத்தான் அவர்கள் மால்டாவுக்கு வருகிறார்கள். ஒரு குடும்பத்தோடு தங்கினால் சீக்கிரம் வந்துவிடும் என்று பள்ளி அவர்களை எங்களிடம் அனுப்புகிறது. ஆகவே சண்டையைக்கூட நாங்கள் ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடுதான் போட்டுக்கொள்வோம். அம்மாவுக்கு அந்த மொழியில் திட்டத் தெரியாது. அதில் அவளிடம் இருப்பதெல்லாம் விருந்தாளிகளுக்கான சொற்கள்.

"அப்புறம் பேசலாம், செல்லம். இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வச்சுக்கோ."

"அஞ்சு வருஷமா உருளைக்கிழங்குதான் வச்சுக்கறேன்."

"இவளுக்கு எப்பவும் தமாஷ்தான்," என்று அம்மா மேஜையைப் பார்த்துச் சிரித்தாள்.

துருக்கியிலிருந்து வந்திருந்த எம்ரே முள்கரண்டியைக் கீழே வைத்தான். "மேடம், கொஞ்சம் மெதுவாப் பேசுறீங்களா? இப்பதான் புரிய ஆரம்பிச்சுது."

அடுப்புப் பக்கம் நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, "மாடியில காத்து நல்லா வருதே," என்றார். மேஜைக்கு ஆறு நாற்காலிதான். ஆறு மாணவர்கள் இருக்கும் காலத்தில் அப்பா நின்றே சாப்பிடுவார். நான் பிரெட் டப்பாவின் மேல் தட்டை வைத்துக்கொள்வேன்.

காற்று வருவது உண்மை. நான் இருப்பது மொட்டை மாடியில், துணி துவைக்கும் அறையில். அங்கே ஒரு வாஷிங் மெஷின், ஒரு கட்டில், நான். வெளியே மூன்று தண்ணீர்த் தொட்டிகள். மெஷின் வேகமாகச் சுற்றும்போது என் கட்டில் ஒரு விரற்கடை நகரும். வெள்ளிக்கிழமைக்குள் கதவருகே போய்ச் சேர்ந்திருக்கும். சனிக்கிழமை தள்ளி வைப்பேன். அந்தக் கட்டிலில் உட்கார்ந்துதான் வேதியியல் பட்டம் வாங்கினேன். எங்கள் இரண்டு பக்கக் குடும்பத்திலும் முதல் பட்டம். இப்போது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊர்க் குடிநீர் எவ்வளவு சுத்தம் என்று கையெழுத்துப் போடுகிறேன். மாலையில் வந்து, எம்ரேயின் உள்ளாடைகள் துவைத்து முடியும்வரை என் அறைக்கு வெளியே நிற்கிறேன்.

மாணவர்கள் தங்கள் அறைகளுக்குப் போனதும் அம்மா சமையலறைக் கதவைச் சாத்தினாள். மொழி மாறியது.

"வாய் இருக்குதுன்னு என்ன வேணாலும் பேசுவியாடி? பசங்க முன்னாடி மானத்தை வாங்கிட்டே!"

"உன் முன்னாடி நூறு தடவை கேட்டாச்சு. காதுலயே விழலையே."

"உன்னைப் படிக்க வெச்சது அந்த ரூம்தான். ஞாபகம் இருக்கட்டும்."

"யூனிவர்சிட்டி இலவசம் மா. கைச்செலவுக்கும் அவங்கதான் குடுத்தாங்க."

"சாப்பாடு? அதுவும் அவங்கதான் போட்டாங்களா?" அம்மா வாணலியைத் தேய்த்தாள். "கல்யாணம் பண்ணிக்கோ. ஒரு ரூம் என்ன, வீடே கிடைக்கும்."

"ஹம்ரூன்ல ஒரு ரூம் காலியா இருக்கு. எங்க லேப்ல இருக்கற பொண்ணோட ஃப்ளாட். வியாழக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்."

அம்மா குழாயை மூடினாள். "கல்யாணம் ஆகாத பொண்ணு பெட்டியத் தூக்கிட்டு வெளியே போனா இந்தத் தெரு என்ன சொல்லும் தெரியுமா? ஊரான் பிள்ளைக்கெல்லாம் இடம் இருக்கு, பெத்த பிள்ளைக்கு இடமில்லைன்னு சொல்லும்."

"சரியாத்தானே சொல்லும்."

அப்பா வெளியே போய்விட்டார். அவருக்கு எப்போதும் படகு இன்ஜினில் ஏதோ வேலை இருக்கும்.

வியாழக்கிழமை இன்னொன்றும் இருந்தது. ஆய்வு.

மாணவர்களைத் தங்க வைக்கும் வீடுகளுக்கு உரிமம் வேண்டும். எங்கள் உரிமத்தில் நான்கு பேர், இரண்டு அறை. மூன்றாவது அறை மகளுக்கு என்று எழுதியிருக்கிறது. அந்த மூன்றாவது அறையில் போலந்திலிருந்து வந்த யாகோடாவும் கொலம்பியாவிலிருந்து வந்த இன்னொரு பெண்ணும் இருந்தார்கள். உரிமத்தில் இல்லாத இரண்டு பேர். வருடத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் வருவார். அன்று காலை அந்தப் பெண்களின் பெட்டிகள் மாடிக்குப் போகும். என் புத்தகங்கள் கீழே வரும். அலமாரியில் என் கோட்டு தொங்கும். என் பட்டமளிப்புப் படம் கூடத்திலிருந்து அந்த அறைச் சுவருக்கு இடம் மாறும். கதவில், எனக்குப் பத்து வயதில் வாங்கிய, 'ரொமினா' என்று என் பெயர் எழுதிய மரப்பலகையை அம்மா மாட்டுவாள். நான் கட்டிலில் உட்கார்ந்து படிப்பது போல இருக்க வேண்டும். நாற்பது நிமிடம். ஒரு வருடம் அப்படியே தூங்கிப்போய்விட்டேன். ஆய்வாளர் போனதும் அம்மா போர்வையை உருவினாள்.

இந்த வருடம் பழைய ஆய்வாளர் ஓய்வு பெற்றுவிட்டார். கிளாரிஸ் என்று ஒரு புதுப் பெண் வந்தாள். என்னைவிட நான்கு வயது கூட இருக்கலாம்.

அம்மா எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். பலகை, படம், புத்தகம், கோட்டு. வகுப்பு உள்ளவர்கள் வகுப்புக்குப் போய்விட்டார்கள். ஆனால் யாகோடாவுக்கு முந்தின நாள் கடற்கரை வெயிலில் கிடந்து முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சல். எழுப்பி உட்கார வைத்தால் சரிந்து விழுந்தாள். அம்மா அவளை மறுபடி படுக்க வைத்து, கழுத்துவரை போர்த்திவிட்டாள். வாசல் மணி அடித்தது.

நான் மாடியில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு இறங்கிவந்தபோது அந்த அறை வாசலில் கிளாரிஸ் நின்றுகொண்டிருந்தாள். அம்மா கட்டிலைக் காட்டி அவளிடம் எங்கள் மொழியில் சொன்னாள்:

"என் பொண்ணு ரொமினா. காய்ச்சல். பேச முடியலை, பாவம்."

கிளாரிஸ் என் பக்கம் திரும்பினாள். "இவங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். அரை நொடிகூட ஆகவில்லை.

"ஸ்டூடன்ட். போலந்து."

"நல்லதாப் போச்சு," என்றாள் கிளாரிஸ். "ஒரு மாணவர்கிட்டயாவது நேர்ல பேசணும்." ஆங்கிலத்துக்கு மாறி, சொல்சொல்லாக, காது கேளாதவரிடம் பேசுவது போல என்னிடம் கேட்டாள். "இந்த வீட்டுல எவ்வளவு நாளா இருக்கீங்க?"

"ரொம்ப நாளா."

"அடடே, ஆங்கிலம் அருமையா வருதே!"

"இந்த வீட்டுலதான் கத்துக்கிட்டேன்."

அம்மாவின் முகத்தில் பெருமை வந்தது. அவளால் அதை அடக்க முடியவில்லை. கிளாரிஸ் தாளில் ஒரு டிக் போட்டாள்.

"சாப்பாடு?"

"நல்லா இருக்கும்."

"குடும்பம் அன்பா நடத்துதா?"

"விருந்தாளிங்களை ரொம்ப நல்லா நடத்துவாங்க."

"தூக்கம்?"

"மெஷின் ஓடாதப்ப வரும்."

அம்மா இருமினாள். "ஜோக் அடிக்கிறா. போலந்துக்காரங்க இப்படித்தான்."

இதற்குள் கிளாரிஸ் அறைக்குள் போய்விட்டாள். ஜன்னல் திறக்கிறதா என்று பார்த்தாள். மின்விளக்கைப் போட்டு அணைத்தாள். அப்போதுதான் அம்மாவுக்குச் சுவரில் மாட்டிய படம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கறுப்பு அங்கி, சுருட்டிய காகிதம், என் முகம். அம்மா இரண்டு எட்டில் போய் அதன் முன்னால் நின்றாள். கிளாரிஸ் இடப்பக்கம் நகர்ந்தால் அம்மாவும் நகர்ந்தாள். வலப்பக்கம் வந்தால் அம்மாவும் வந்தாள். அந்தப் படத்தை எங்கள் ஊர் ம்சீடாவில் பார்க்காதவர் கிடையாது. ரொட்டி வண்டிக்காரரைக்கூட உள்ளே கூப்பிட்டுக் காட்டியிருக்கிறாள். இப்போது முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"கடைசிக் கேள்வி," என்றாள் கிளாரிஸ். "ஏதாவது மாத்தணும்னு இருக்கா? தயங்காம சொல்லுங்க. அது உங்க உரிமை."

எனக்கு இருபத்து நான்கு வயது. இந்த வீட்டில் யாரும் இதை என்னிடம் கேட்டதில்லை.

மால்டீஸில் ஒரே ஒரு வாக்கியம் பேசினால் போதும். உரிமம் போய்விடும். அம்மாவுக்கு அது தெரியும். படத்தில் முதுகை அழுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபத்தோடு பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். பயத்தோடு பார்த்தாள். கட்டிலில் யாகோடா என் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"எதையும் மாத்த வேணாம்," என்றேன். "வேற இடம் பாத்திருக்கேன். இன்னைக்கே போறேன்."

"தாராளமா. மாணவர்கள் எப்ப வேணும்னாலும் வீடு மாறிக்கலாம். காரணம்கூடச் சொல்ல வேணாம்." எழுதிக்கொண்டாள். அம்மாவின் கையைக் குலுக்கினாள். "எல்லாம் சரியா இருக்கு. மகளை நல்லாப் பாத்துக்கோங்க."

வாசல் கதவு சாத்தியதும் அம்மா சுவரில் சாய்ந்து சிரித்தாள். "என்ன நடிப்புடி! இன்னைக்கே போறேன்னியே, நானே ஒரு நிமிஷம் ஆடிப்போயிட்டேன்."

"நடிக்கலை மா."

"போதும், அந்தம்மா போயாச்சு."

"நானும் போறேன்."

சிரிப்பு நின்றது. "என்னடி சொல்றே? தெருவே வேடிக்கை பாக்கும். உங்கப்பா தலை நிமிர்ந்து..."

"தண்ணி கிடைக்குமா, ப்ளீஸ்?"

யாகோடா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைக்கு மேல் என் பெயர்ப் பலகை. அம்மாவின் முகம் ஒரே இழுப்பில் மாறியது. "இதோ, செல்லம்! எலுமிச்சை போட்டு டீ தரட்டுமா? நீ ஏன் எழுந்து வந்தே, கண்ணு?" தொட்டுப் பார்த்துத் தன் சால்வையை எடுத்துப் போர்த்திவிட்டாள்.

மாடிக்குப் போய் லேப் பெண்ணுக்கு 'சரி' என்று செய்தி அனுப்பினேன். பெட்டி கட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புத்தகங்கள் கீழே ஆய்வுக்காக அடுக்கியிருந்தன. அவை அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

இறங்கி வந்தபோது யாகோடா கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அதனால் அம்மா ஆங்கிலத்தில்தான் பேச வேண்டியிருந்தது.

"செல்லம், யோசிச்சுப் பாரேன். நீ இங்க இருந்தா எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்." இது அவள் தங்கும் நாளை நீட்டிக்கச் சொல்லி மாணவர்களிடம் பேசும் வசனம். வேறு வார்த்தை அவளிடம் இல்லை. உதடு சிரித்தது, கண் சிவந்திருந்தது.

"நன்றி," என்றேன். "எல்லாம் நல்லா இருந்துச்சு."

யாகோடா கை அசைத்தாள்.

வாசலருகே ஒரு பீங்கான் கிண்ணம் இருக்கும். கடைசி நாளில் மாணவர்கள் வீட்டுச் சாவியை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். என் சாவியைக் கழற்றி அதில் போட்டேன்.

"அது ஸ்டூடன்ட்ஸுக்கு," என்றாள் அம்மா.

"தெரியும் மா," என்று எங்கள் மொழியில் சொல்லிவிட்டு, பெட்டியைப் படியில் இறக்கி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.