எட்டு மணிக்கு மூன்று தட்டு

"தள்ளி நில்லுங்கக்கா, கதவு தெறிச்சு விழும்!"

பிளம்பர் பூட்டுக்கும் நிலைக்கும் நடுவே இரும்புக் கம்பியை நுழைத்து நெம்பினான். மரம் முனகியது. அவள் இரண்டடி பின்வாங்கி, அடுத்த நொடியே மறுபடி முன்னால் வந்து கதவை உள்ளங்கையால் அறைந்தாள்.

"அண்ணே! நான்தாண்ணே, முதல் மாடி! திறக்க வேணாம், ஒரே ஒரு தட்டு தட்டுங்க, போதும்!"

பதில் இல்லை. கதவிடுக்கு வழியே சோப்பு வாசனையும், அதற்கடியில் லேசாக ஏதோ கெட்ட வாடையும் வந்தது. சோப்புதான் அந்த மனிதரின் வாசனை.

அவள் இன்னும் சூப்பர் மார்க்கெட் சீருடையில்தான் இருந்தாள். கையில் ரப்பர் உறை, முகத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். பத்து நிமிடத்துக்கு முன்புவரை இது எல்லா நாளையும் போன்ற ஒரு திங்கட்கிழமை. பில் போட்டாள், ஸ்கூட்டரை நிறுத்தினாள், படியேறப் போனாள். வாசலில் பிளம்பர் தன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். போன செவ்வாய்க்கிழமை போட்ட ஜாயின்ட் ஒழுகுகிறதா என்று பார்க்க வந்திருந்தான்.

"மேல நம்ம டெய்லர் எப்படிக்கா இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு. தினம் தட்டுறாரே."

"எதைத் தட்டுறாரு?"

"குழாயத்தான். நீதானே சொன்ன, கீழ இருந்து மேலவரைக்கும் ஒரே இரும்புப் பைப்பு, எங்க தட்டினாலும் எல்லா வீட்டுக்கும் கேக்கும்னு."

பிளம்பர் பையைக் கீழே வைத்தான்.

"அக்கா, அது செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி. மூணாவது மாடியில இத்துப்போன பைப்ப வெட்டி எடுத்துட்டு ஆறடிக்கு பிளாஸ்டிக் போட்டிருக்கேன். அதுக்கு மேல நின்னு சுத்தியலால அடிச்சாக்கூட கீழ ஒண்ணும் கேக்காது."

அவளுக்கு அது மூளையில் ஏற இரண்டு விநாடி ஆனது. அடுத்த விநாடி இருவரும் படிகளில் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

*

நான்காவது மாடி டெய்லரை அந்தக் கட்டடமே 'ஆறடி' என்றுதான் கூப்பிடும். ஆள் என்னவோ ஐந்தடி இரண்டு அங்குலம்தான். கொரோனா வந்த முதல் வாரத்திலேயே இஞ்ச் டேப்பை எடுத்து வந்து லிப்ட் வாசலில், தண்ணீர் கேன் இறக்கும் இடத்தில், படிக்கட்டுத் திருப்பத்தில் எல்லாம் ஆறடிக்கு ஒரு கோடு போட்டார். யாராவது கோட்டைத் தாண்டினால், "சார், பின்னாடி ஒரு தையல் போங்க" என்பார். மிச்சத் துணியில் பன்னிரண்டு வீட்டுக்கும் மாஸ்க் தைத்துக் கொடுத்தார். எல்லாம் பூப்போட்ட துணி. சங்கத்து செகரட்டரி, மீசை வைத்த பெரிய மனிதர், ரோஜாப் பூ மாஸ்க்கோடு மீட்டிங் நடத்தியது இன்றைக்கும் சிரிப்பு.

சில்லறைக் காசைக் கழுவினார். சாவியைக் கழுவினார். ஒரு நாள் செல்போனையும் சோப்புத் தண்ணீரில் முக்கிக் கழுவினார். அதோடு அது கண்ணை மூடிவிட்டது. ரிப்பேர் கடை எல்லாம் மூடியிருந்தது. மகளின் பிரசவத்துக்குப் போன மனைவி அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். அதனால் வீட்டில் ஆறடி மட்டும்தான். அந்த அம்மாள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் செகரட்டரியின் போனில் கூப்பிட்டு, "அவரு எப்படி இருக்காரு?" என்று கேட்பார்.

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை ஆறடிக்குக் காய்ச்சல். டெஸ்டில் கொரோனா என்று வந்துவிட்டது. படிக்கட்டின் மேல் நின்று கொண்டு, கீழே நின்ற அவளிடம் அவரே சொன்னார்.

"தங்கச்சி, பதினாலு நாளைக்கு அரிசி, பருப்பு, மாத்திரை எல்லாம் இருக்கு. யாரும் மேல வரக் கூடாது. வாசல்ல எதையும் வைக்கவும் கூடாது. உன் வீட்டுக்காரருக்கு வேற மூச்சிழுப்பு. நீ வந்தா நான் கதவைத் திறக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"போனும் இல்லாம எப்படிண்ணே தெரிஞ்சுக்கறது?"

"குழாய் இருக்குல்ல? காலையில எட்டு, ராத்திரி எட்டு. மூணு தட்டு. நல்லா இருக்கேன்னு அர்த்தம். நீங்க ரெண்டு தட்டுங்க. எனக்கு முடியலேன்னா விடாம தட்டுவேன். அப்ப வாங்க. அதுவும் ஆறடி தள்ளி!"

காலை எட்டுக்கு அவள் வேலையில் இருப்பாள். அந்த நேரத்தில் பதில் தட்டுவது அவள் கணவரின் பொறுப்பு. இரவு எட்டுக்கு அவள். வேலையிலிருந்து வந்ததும் எதையும் தொடாமல் நேராகக் குளியலறைக்குப் போக வேண்டும், அவள் குளித்து முடிக்கும்வரை கணவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். ஆகவே தினமும் எட்டு மணிக்கு அவள் வாளிக்கு முன்னால் சோப்பு நுரையோடு நிற்பாள். குழாய் 'தட், தட், தட்' என்னும். அவள் குவளையால் இரண்டு தட்டுவாள். நாளில் அவளுக்கு நிம்மதியான நேரம் அது ஒன்றுதான்.

ஒரே ஒரு நாள், அந்தச் செவ்வாய்க்கிழமை, எட்டாகியும் சத்தம் வரவில்லை. எட்டு மூன்று. எட்டு ஐந்து. அவள் குளியலறையிலிருந்தே கத்தினாள்.

"என்னங்க, இன்னும் தட்டலையே! நான் மேல போய் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேன்!"

"நீ மேல போனா அது உன்கூடவே கீழ வரும்மா" என்றார் கணவர், சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து. "எனக்கு ஒட்டுச்சுன்னா நான் ஆஸ்பத்திரிலேர்ந்து திரும்பி வருவேன்னு நினைக்கிறியா? இரு. ரெண்டு நிமிஷம் இரு. தட்டுவாரு."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. 'தட், தட், தட்.' அவள் சுவரில் சாய்ந்து சிரித்தே விட்டாள். மனிதர் தூங்கிவிட்டிருப்பார்!

*

பூட்டு பிளந்தது. கதவு உள்ளே போய்ச் சுவரில் மோதியது.

"அண்ணே?"

முன்னறை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. தையல் மெஷின் மேல் உறை. அருகில் தைத்து முடித்த மாஸ்க்குகள் பத்துப் பத்தாக நூல் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. தரையில் வாசலிலிருந்து படுக்கையறைவரை சாக்பீஸ் கோடு. தனி ஆள் வசிக்கும் வீட்டுக்குள்ளும் ஆறடிக்கு ஒரு கோடு.

பிளம்பர்தான் முதலில் படுக்கையறையை எட்டிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே திரும்பி, இரண்டு கையையும் விரித்து அவளை மறித்தான்.

"வேணாங்கக்கா."

"உயிர் இருக்கா பாரு!"

"ரெண்டு மூணு நாள் ஆயிருக்கும்கா."

அவன் கையைத் தட்டிவிட்டுப் போய்ப் பார்த்தாள். அவர் கட்டிலில் இல்லை. குளியலறை வாசலில், குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில், முதுகைச் சாய்த்து உட்கார்ந்த நிலையில் இருந்தார். முகத்தில் மாஸ்க். தனியாகச் சாகும்போதும் மாஸ்க்கைக் கழற்றவில்லை. மடியில் பெரிய கத்தரிக்கோல். அதன் கைப்பிடியில் குழாயின் பச்சை பெயின்ட் அப்பியிருந்தது.

பக்கத்தில் அளவு எழுதும் நோட்டு. அவள் குனிந்து, தொடாமல், திறந்திருந்த பக்கத்தைப் படித்தாள். மார்பளவு, தோளளவு எழுதும் அதே குண்டுக் கையெழுத்து.

'சனி இரவு. தட்டினேன். பதில் வந்தது.

ஞாயிறு காலை, இரவு. பதில் வந்தது.

திங்கள். பதில் வந்தது. காய்ச்சல் 101.

செவ்வாய் காலை. பதில் வந்தது.

செவ்வாய் இரவு. தட்டினேன். பதில் இல்லை.

புதன் காலை. பதில் இல்லை. இரவு. பதில் இல்லை. மூச்சு கொஞ்சம் கஷ்டம்.

வியாழன். விடாமல் தட்டினேன். யாரும் வரவில்லை. கீழே தங்கச்சி வீட்டில் எல்லாருக்கும் வந்துவிட்டதோ என்னவோ. பாவம், அவள் கணவர்.

வெள்ளி. கதவுவரை போனேன். படியில் யாராவது வந்தால் ஒட்டிவிடும். திரும்பி விட்டேன். மறுபடி தட்டினேன்.'

அதற்குக் கீழே வெறும் கோடுகள்.

அவள் மாஸ்க் உள்ளே போய் வெளியே வந்தது.

"நான் தினம் பதில் தட்டினேன்டா" என்றாள் பிளம்பரிடம். "புதன், வியாழன், வெள்ளி. ஒரு நாள்கூட விடல."

"அவருக்குக் கேட்டிருக்காதுக்கா." அவன் தலை குனிந்தான். "நான்தான்... பிளாஸ்டிக்... செகரட்டரி சீக்கிரம் முடின்னாரு..."

"நீ என்னடா பண்ணுவ. ஆனா எனக்குத் தட்டினது யாரு?"

*

செகரட்டரி இரண்டாவது மாடியிலிருந்து ஏறி வந்து படித் திருப்பத்தில், ஆறடிக் கோட்டில் சரியாக நின்றார். ரோஜாப் பூ மாஸ்க். விஷயத்தைக் கேட்டதும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கடவுளே. இன்னைக்குக் காலையிலகூட தட்டுச்சேம்மா!"

"சார், அந்தக் குழாய்ல மொத்தம் நாலு வீடு. மேல இவரு. மூணாவது மாடி பூட்டிக் கிடக்கு. மீதி நீங்களும் நாங்களும்." அவள் இரண்டு படி இறங்கினாள். "உண்மையச் சொல்லுங்க. கட்டடத்துக்கு சீல் வெச்சிடுவாங்கன்னு நீங்கதான் பயந்தீங்க. அன்னைக்கு மீட்டிங்ல சொன்னீங்களே, 'சத்தம் போடாம பதினாலு நாள் ஓட்டிடலாம்'னு."

"அம்மா, பயந்தது நிஜம். இல்லேங்கல. அதுக்காக இப்படிப் பண்ணுவேனா?" அவர் கண் கலங்கிவிட்டது. "எனக்கும் கேட்டுச்சும்மா. சொல்லப்போனா முன்னையவிட இப்பத்தான் பலமா கேட்டுச்சு. உடம்பு தேறிடுச்சு, தெம்பா தட்டுறாருன்னு நினைச்சேன். அவரு சம்சாரத்துக்கும் அப்படித்தான் சொன்னேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அவர் அதை வெளியே எடுக்க, மூவரும் திரையைப் பார்த்தார்கள். 'டெய்லர் வீட்டம்மா.'

யாரும் எடுக்கவில்லை. அது அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது.

"எடுங்க சார்" என்றாள் அவள்.

"என்னன்னு சொல்லட்டும்? நேத்துதான் சொன்னேன், தட்டுறாரும்மா, நீங்க நிம்மதியா பேரனைப் பாருங்கன்னு."

பிளம்பர் ஆம்புலன்ஸுக்குக் கூப்பிட்டான். வண்டி எல்லாம் வெளியே போயிருக்கிறது, முக்கால் மணி நேரம் ஆகும், அதுவரை யாரும் உள்ளே போகக் கூடாது, போனவர்கள் உடனே குளித்துவிட்டுத் தனியாக இருக்க வேண்டும் என்றார்கள்.

"நீங்க போய்க் குளிங்கக்கா. நான் இங்க இருக்கேன்" என்றான் அவன். "வீட்டுல அண்ணனுக்கு வேற இழுப்பு."

*

அவள் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினாள். மூன்றாவது மாடியில் பூட்டிய வீடு. இரண்டாவது மாடியில் செகரட்டரி வீட்டு வாசலில் காய்கிற பூ மாஸ்க். முன்னையவிட பலமாக. அந்த வார்த்தை அவள் கூடவே இறங்கியது.

முதல் மாடியில் தன் வீட்டுச் சாவியை நுழைத்தாள். உள்ளே டிவி முழுச் சத்தத்தில் அன்றைய எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தது. சாவிச் சத்தம் கேட்டதும் வழக்கம்போல் சமையலறைக் கதவு சாத்திக்கொண்டது.

"வந்துட்டியாம்மா? ஏன் லேட்டு?"

இன்று இரவு இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? கேட்டாலே இழுப்பு வந்துவிடுமே. முதலில் குளிக்க வேண்டும். அப்புறம் ஜன்னல் திறந்திருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அங்கிருந்து சொல்ல வேண்டும்.

குளியலறைக்குள் போனாள். உறையைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் போட்டாள். வாளிக்குக் குழாயைத் திறந்தாள். அந்தத் தண்ணீர் மேலேயிருந்து, அவர் சாய்ந்திருந்த குழாய் வழியாகத்தான் வருகிறது. கை தானாகக் குழாயை மூடியது.

அமைதி. டிவியும் ஓய்ந்திருந்தது.

மாடத்தில் வைத்திருந்த கைக்கடிகாரம் எட்டு மணி காட்டியது.

தட். தட். தட்.

பச்சைக் குழாய் அவள் முகத்துக்கு எதிரே அதிர்ந்தது. முழங்கை உயரத்தில் அந்தக் குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துச் சமையலறைக்குப் போகிறது. அவள் குவளையை எடுக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம், கரண்டியை மேடை மேல் மெதுவாக வைக்கும் சத்தம். அதற்குப் பின்னால் கணவரின் குரல், தினமும் போலவே:

"கேட்டுச்சாம்மா? இன்னைக்கும் டாண்ணு தட்டிட்டாரு பாரு. ஆறடி நல்லாத்தான் இருக்காரு."