முழங்கால் கணக்கு

மாதா கோயிலில் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் முடித்து வருகிறவர்கள், அவர் கொடுத்த பரிகாரச் செபங்களுக்காக எவ்வளவு நேரம் முழங்காலில் நிற்கிறார்கள் என்பதை வைத்தே, யார் எவ்வளவு பாவம் செய்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். இப்படிக் கணக்குப் பார்ப்பதும் பாவம்தான். அதையும் வருடாவருடம் தவக்காலத்தில் சாமியாரிடம் சொல்லி, பரிகாரமாக மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ செபம் வாங்கிக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம் என் மகன் மார்ட்டின் சாமியாரிடம் போய்விட்டு வந்து முழங்காலில் நின்றான். ப்ளஸ் டூ படிக்கிறான். தங்கச்சியை அடித்தது, படிக்காமலே படித்தேன் என்றது, இதற்கெல்லாம் மூன்று செபம், மிஞ்சினால் ஐந்து. எப்போதும் ஒன்றிரண்டு நிமிடத்தில் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். அன்றைக்குப் பத்து நிமிடமாகியும் எழவில்லை.

இரண்டு வாரமாகவே அவன் சட்டையில் ஒரு வாடை. கேட்டால், டியூஷனில் கொசுவர்த்தி கொளுத்துகிறார்கள் என்றான். கொசுவர்த்தி வாடை எனக்குத் தெரியாதா? என் கணவர் செபஸ்தியானிடம் சட்டையைக் கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன். சங்ககிரியில் லாரி டயர் ரீட்ரேடிங் பட்டறை வைத்திருப்பவர். இருபது வருடமாக வெந்த ரப்பரை மோந்த மூக்கு. “சோப்பு வாடதான் புள்ள” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போது கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் காதில் சொன்னேன். “ஏனுங்க, இருபது நிமிசமாச்சு. அறுபது செபம் இருக்கும்.”

“அறுபதா? கொலை பண்ணுனாலே அம்பதுதான் குடுப்பாங்க.”

“போயிச் சாமியாரக் கேளுங்க.”

ஒருவர் சொன்ன பாவத்தை இன்னொருவர் சாமியாரிடம் கேட்கவே கூடாது என்று முதல் நன்மை வாங்குகிற எட்டு வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் என் பேச்சைத் தட்ட முடியாமல் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து எனக்குப் பக்கத்திலேயே முழங்காலில் நின்றார்.

“என்ன சொன்னாருங்க?”

“கேட்டதுக்குப் பத்து செபம். கேக்கச் சொன்னவங்களுக்கு இருபதாம்.”

நானும் முழங்காலில் நின்றேன். கோயிலைப் பூட்ட வந்த கோயில்பிள்ளை ஜன்னல்களைச் சாத்தினார், ஃபேன்களை நிறுத்தினார். எங்களைப் பார்த்து, எவ்வளவு பக்தியான குடும்பம் என்று நினைத்திருப்பார்.

என் இருபதும் முடிந்தது. மார்ட்டின் அசையவே இல்லை. அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. எழுந்து அவன் பக்கத்தில் போனேன்.

“எத்தன செபம்டா குடுத்தாரு?”

“ஒண்ணுகூடக் குடுக்கலம்மா.”

“அப்பறம் எதுக்குடா அரை மணி நேரமா நிக்கிற?”

“அம்மா அப்பாகிட்ட இன்னைக்கே நீயாச் சொல்லோணும், அதுதான் உனக்குப் பரிகாரம்னாரு. எந்திரிச்சாச் சொல்லோணுமே. அதான் எந்திரிக்கல.”

என் கணவரும் வந்து நின்றார். மார்ட்டின் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கஞ்சா. டியூஷன் முடிந்து, லாரி ஷெட்டுக்குப் பின்னால், சேக்காளிகளோடு. நாலு தடவை. முதல் தடவை சும்மா வேடிக்கைக்கு. அப்புறம், அதைக் குடித்தால் பரீட்சைப் பயம் இல்லாமல் தூக்கம் வருகிறது என்று.

“கடவுளுகிட்டச் சொல்ல ரெண்டு நிமிசந்தாம்மா ஆச்சு. உங்ககிட்டச் சொல்றதுக்குத்தான் முடியல.”

கடவுளைவிட என்னிடம் அதிகமாகப் பயந்திருக்கிறான். அது சுருக்கென்று தைத்தது. தைத்ததில் கோபம்தான் முதலில் வந்தது. கோயில் என்றும் பார்க்காமல் கையை ஓங்கிவிட்டேன்.

அதே நேரத்தில் அவன் எழுந்தான். அரை மணி நேரம் மடங்கியே இருந்த கால் மரத்துப்போயிருந்தது. தடுமாறி, ஓங்கிய என் கையையே எட்டிப் பிடித்துக்கொண்டான். தூக்கிவிடத்தான் நீட்டுகிறேன் என்று நினைத்துவிட்டான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர்தான் முதலில் பேசினார். “திங்கக்கெழம டாக்டர்கிட்டப் போலாம் கண்ணு. நானும் வாரேன். இனி தூக்கம் வரலைன்னா என்னைய எழுப்பு. பட்டறைக் கதை சொல்றேன், கேட்டா எருமைக்கே தூக்கம் வரும்.”

மார்ட்டின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். கோயில்பிள்ளை சாவிக்கொத்தை ஆட்டினார். மூன்று பேரும் வாசலை நோக்கி நடந்தோம்.

“காலு இன்னும் சரியாகலம்மா. கைய உட்றாத.”

“உடல. நட” என்றேன்.