எதிர்ச்சுற்று

வருஷத்தின் முதல் நாள் காலையில் மைதானத்தில் கால் வைக்க இடமில்லை. புது ஷூ, புதுத் தண்ணீர் பாட்டில், புது வைராக்கியம் என்று ஊரே திரண்டு வந்து நடுவிலிருந்த தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டிருந்தது. மருந்துக்கடை அக்காவும் வந்திருந்தாள். கவுன்டருக்குப் பின்னால் நின்று ஊருக்கெல்லாம் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்தவளுக்கு, இப்போது அதே டப்பாவிலிருந்து தனக்கும் எடுக்க வேண்டி வந்துவிட்டது. டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: நடந்து குறைத்தால் மாத்திரையோடு போகும், இல்லாவிட்டால் ஊசி. ஊசி என்றாலே அக்காவுக்குப் பாதி உயிர் போய்விடும். ஊசியை விற்பது வேறு, தன் வயிற்றில் தானே குத்திக்கொள்வது வேறு.

இரண்டாவது சுற்றில்தான் முன்னால் போகிற முதுகைக் கவனித்தாள். ஆயிரம் பேருக்கு நடுவிலும் அவளுக்குத் தெரியும் அந்த முதுகு. நாத்தனார்.

இருவரும் பேசி நாலு வருஷமாகிறது. பேச்சு நின்றது ஒரு கல்யாண வீட்டில், ஒரே ஒரு வாக்கியத்தால். குடும்பத்தோடு போட்டோ எடுக்க எல்லோரும் நெருக்கியடித்து நின்றபோது நாத்தனார், "அண்ணி, நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க. எங்களுக்கும் இடம் வேணும்ல" என்றாள். அக்காவின் பருத்த உடம்பைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். பெற்ற மகன்கூடச் சிரித்தான். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதி முகத்தோடும் ஒற்றைத் தோளோடும் போட்டோவின் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? வீட்டுக்கு வந்ததும் அக்கா புருஷனிடம், இனிமேல் உங்கள் தங்கச்சி பேர் இந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அந்த மனுஷன் நாலு வருஷமாக வாங்கிக்கொண்டிருந்தார்.

இவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நடப்பதா என்று அக்கா சட்டென்று திரும்பி எதிர்ப்பக்கமாக நடந்தாள். கோபத்தில் கணக்கு வராது. பின்னாலேயே போயிருந்தால் வெறும் முதுகோடு போயிருக்கும். எதிரே போனதால் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை முகதரிசனம். முதல் தடவை அக்கா தொட்டியைப் பார்த்தாள், நாத்தனார் வானத்தைப் பார்த்தாள். அடுத்த தடவை இருவருக்குமே செருப்பில் ஏதோ சந்தேகம் வந்துவிட்டது. இனித் திசை மாற்றினால் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று மறுநாளும் அக்கா அப்படியே நடந்தாள்.

மாதம் பாதி போவதற்குள் வீட்டு வாசல் ஓரத்தில் கிடந்த புது ஷூக்களில் தூசி படிய ஆரம்பித்தது. ஆரம்ப சூரர்கள் போர்வைக்குள் திரும்பிவிட்டார்கள். மிஞ்சியது ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர், ஒரு நாய், இவர்கள் இருவர். அக்காவுக்கும் எழுந்திருக்கக் கசக்கத்தான் செய்தது. ஆனால், நான் போகாவிட்டால் பயந்து ஓடிவிட்டாள் என்றல்லவா நினைப்பாள்? உடனே எழுந்துவிடுவாள். உண்மையைச் சொன்னால், ஊசிப் பயம் அவளை ஒரு வாரம்தான் எழுப்பியது. மற்ற நாளெல்லாம் எழுப்பியது நாத்தனார்தான். அவள் வேகத்தைக் கூட்டினால் இவளும் கூட்டுவாள். ரவிக்கை தொளதொளத்துப் போனது.

ஒருநாள் காலை நாத்தனார் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று அக்கா கையை வீசி நடந்தாள். மறுநாளும் வரவில்லை. யாரைப் பார்க்காமல் போவது, யாருக்காக வேகமாக நடப்பது என்று தெரியாமல் நடை உப்பில்லாத கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. பாதியில் வீட்டுக்கு வந்து, மைதானத்தில் இப்போதெல்லாம் ஆளே இல்லை என்று பொதுவாகச் சொல்லிவைத்தாள்.

புருஷன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஆள் வீட்டுல முட்டி வீங்கி உக்காந்திருக்கு. பேர் சொல்லக் கூடாதுன்னு உத்தரவு, அதான் சொல்லல."

அன்று மதியம் அக்கா கடையிலிருந்து முட்டிக்குப் போடும் உறை ஒன்றை எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது. நாத்தனார் காலை ஸ்டூலின் மேல் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எழப் பார்த்தாள், முடியவில்லை. அக்கா உறை இருந்த டப்பாவை நீட்டினாள்.

நாத்தனார் அதைத் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் எக்ஸ்எல் என்று போட்டிருந்தது. அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணளவில் எடுத்ததே தவிர, அவள் வேறெதுவும் நினைக்கவில்லை. ஆனால் நாலு வருஷமாகத் தீட்டித் தீட்டி வைத்திருந்த பதில் இப்போது தானாக நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. உனக்கும் இடம் வேணும்ல என்று சொன்னால் போதும். அக்கா வாயைத் திறந்தாள். ஸ்டூலின் மேல் வீங்கிக் கிடந்த முட்டியைப் பார்த்தாள்.

"அளவு சரியில்லன்னா மாத்தித் தரேன்" என்றாள்.

"சரியாத்தான் இருக்கும் அண்ணி." நாத்தனார் தரையைப் பார்த்தாள். "எனக்கும் இடம் வேணும்ல."

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன உடனே தெரிஞ்சுது. நீங்களும் சிரிச்சீங்களா, சரி பெருசா எடுத்துக்கலன்னு விட்டுட்டேன்."

"அத்தனை பேர் சிரிக்கும்போது நான் சிரிக்காம என்ன பண்றது?"

நாத்தனார் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். முட்டி ரொம்ப நாளாகவே வலித்ததாம். நின்றுவிட்டால் அண்ணி ஜெயித்துவிடுவாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாளாம். நானும் அதுக்குத்தான் நடந்தேன் என்று அக்கா சொல்ல, இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். இந்தத் தடவை யாரும் ஒப்புக்குச் சிரிக்கவில்லை.

முட்டி சரியானதும் ஜோடியாக, ஒரே திசையில் நடந்தார்கள். அங்கேதான் வந்தது வினை. நாலு வருஷப் பேச்சு பாக்கி இருந்தது. பேசப் பேச நடை தளர்ந்து, அரைச் சுற்றிலேயே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். அடுத்த பரிசோதனையில் டாக்டர், ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றார். ஆனால் சர்க்கரை நன்றாக இறங்கிவந்து கடைசியில் மறுபடி ஏறப் பார்க்கிறதே, சமீபத்தில் என்ன மாறியது என்று கேட்டார்.

"சமாதானமாயிட்டோம் டாக்டர்" என்றாள் அக்கா.

மறுநாள் காலை இருவரும் மைதான வாசலில் நின்று யோசித்தார்கள். பிறகு நாத்தனார் வலப்பக்கம் திரும்பினாள், அக்கா இடப்பக்கம். தொட்டிக்கு அந்தப் பக்கம் எதிரெதிரே வந்தபோது நாத்தனார் நிற்காமலேயே சொன்னாள். "மாடி வீட்டுப் பொண்ணு நேத்து யாரைக் கூட்டிட்டு வந்தா தெரியுமா அண்ணி?"

"யாரை?"

"அடுத்த தடவை சொல்றேன்" என்று நாத்தனார் போய்க்கொண்டே இருந்தாள்.

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.