மே தினத்துப் பெயர்ப் பட்டியல்

சொலோமா நகரில் மே தினத்தன்று உழைப்பாளிகள் கலை விழா. தையல் ஆலைகளில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் அன்று கால்பந்து மைதானத்தில்தான் கிடப்பார்கள். நாடகம், பாட்டு, சுவர் நிறையப் படம் எல்லாம் உண்டு. நாலு மணி வாக்கில், போராட்டத்தில் செத்தவர்களின் பெயர்களை மேடையிலிருந்து ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். கூட்டம் மொத்தமும் மூன்று தடவை "ஆஜர்" என்று பதில் சொல்லும். செத்தவர்களுக்கு மட்டும்தான் அந்த மரியாதை. உயிரோடு இருப்பவர் பெயரை விளையாட்டுக்குக்கூட யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

அதனால்தான் நெப்தாலி காலையிலிருந்தே மேடைப் பக்கம் சுற்றிச் சுற்றி வந்தான். அவன் தங்கை ஒடாலிஸ் ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்கு ஆள் சேர்த்தவள். இரண்டு வருஷத்துக்கு முன், ஷிப்ட் முடிந்து ஆலை வாசலில் நின்றவளைக் கறுப்புக் கண்ணாடி போட்ட வேன் ஒன்று அள்ளிக்கொண்டு போனது. உடம்பும் கிடைக்கவில்லை, ஒரு தகவலும் இல்லை. "எவன்கூடவாவது ஓடியிருப்பா" என்றான் போலீஸ்காரன், பாவி. நெப்தாலி மட்டும் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அவள் செல்போன் எண்ணுக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தான். எண் செத்துப்போய்விட்டால் அவள் எப்படிக் கூப்பிடுவாள்? அந்த போன் எப்போதும் ஸ்விட்ச் ஆஃப் என்றுதான் சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும்.

விழாக் குழுத் தலைவி சொய்லா மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒடாலிஸ் பேரு இருக்கா?"

"இருக்கு. கடைசிப் பேரு அவளோடதுதான்."

"எடுத்துருங்க."

சொய்லா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள். "ரெண்டு வருஷம் ஆச்சு, நெப்தாலி. பேரச் சொல்லாம விட்டா யாருக்குக் கொண்டாட்டம்? ஆலைக்காரனுக்குத்தான்."

"அவ செத்தத நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல."

"அப்ப எடுத்துருங்க. அவ அண்ணன் சொல்றேன்."

"அவ இங்க இருந்தப்ப ஒரு நாளாவது ஆலை வாசல் போராட்டத்துல வந்து கூட நின்னியா நீ? இப்ப அண்ணனாம்." சொல்லிவிட்டு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. பேனாவை எடுத்துக் கடைசி வரியை அடித்தாள். "போ, போய் எதையாவது சாப்பிடு. மூஞ்சியப் பாரு, பிழிஞ்சு போட்ட சட்டை மாதிரி."

அவள் கேட்டதில் பொய்யில்லை. ஒடாலிஸ் கூப்பிட்டபோதெல்லாம், "எனக்கு வேலை போயிரும்" என்று துணி வெட்டும் மேஜையை விட்டு நகராதவன் அவன்.

மசித்த பயறு வைத்து மடித்த ரொட்டி ஒன்றை வாங்கி, தின்னாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். பெயர்கள் தொடங்கின. மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆஜர். பதினொன்றாவது முடிந்ததும் சொய்லா காகிதத்தை மடித்தாள். மத்தளம் ஆரம்பித்துவிட்டது.

அவ்வளவுதான். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருத்தரும் கேட்கவில்லை. ஒடாலிஸுக்குப் பக்கத்து மெஷினில் நாலு வருஷம் தைத்தவள் பாவாடையை உதறிக்கொண்டு ஆட இறங்கினாள். அவன் கேட்டது இதைத்தானே? ஆனால் இவ்வளவு சுலபமாக நடக்கும் என்று அவன் நினைக்கவில்லை. அவள் பிறக்கவே பிறக்காத மாதிரி அல்லவா ஆக்கிவிட்டார்கள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒடாலிஸ் பனெகாஸ்" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

மத்தளம் நின்றது. அந்த மைதானத்தில், அந்த நேரத்தில், ஒரு பெயர் காதில் விழுந்தால் அந்த ஜனங்களுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஆயிரம் கைகள் உயர்ந்தன.

"ஆஜர்."

"வேணாம், வேணாம், நான் அதுக்குச் சொல்லல" என்று இரண்டு கையையும் ஆட்டினான். துக்கம் தாங்காமல் ஆட்டுகிறான் என்று நினைத்து, இரண்டாவது தடவை இன்னும் பலமாகச் சொன்னார்கள். மூன்றாவது தடவை பக்கத்து மெஷின்காரியே அழுதுகொண்டு சொன்னாள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் வரிசையாக வந்து, சாவு வீட்டு ஆளைக் கட்டிக்கொள்வதுபோல அவனைக் கட்டிக்கொண்டார்கள்.

"மனசத் தேத்திக்கப்பா" என்றார் ஒரு பெரியவர். "இத்தன நாள் கழிச்சாவது உன் வாயால சொன்னியே."

யார் சொல்லியும் இரண்டு வருஷமாகக் கேட்காதவன், தானே தங்கையைக் குழிக்குள் இறக்கிவிட்டான். மேளம் மறுபடி தொடங்கியபோது மைதானத்தை விட்டு வெளியே வந்தான்.

தெருமுனைக் கடைக்காரி அவனைப் பார்த்ததும் வழக்கம்போல போனைக் கையில் எடுத்தாள்.

"ஒண்ணாந் தேதியாச்சே. அதே நம்பர்தான?"

நெப்தாலி சட்டைப்பைக்குள் விட்ட கையைக் காசு எடுக்காமலே வெளியே எடுத்தான்.

"வேணாம்" என்றான்.